கமிஷன் இல்லாத கணக்கில் கமிஷனைத் தேடுவது எப்படி

லண்டன் ஹாரோவில் சின்னதாக ஒரு கணக்கர் அலுவலகம் நடத்துகிறேன். வரிக்கணக்குக்குக் கடைசி நாள் ஜனவரி 31 என்பதால் பொங்கல் சமயத்தில் என் மேசை முழுக்க மற்றவர்களின் ஸ்டேட்மென்ட்தான். கடை வைத்திருப்பவர்கள், ஐ.டி. ஒப்பந்தக்காரர்கள், டாக்ஸி ஓட்டுபவர்கள். சில வருடங்களாக அவற்றோடு நாணய வர்த்தக ஸ்டேட்மென்டுகளும் வருகின்றன. கொண்டுவருபவர்களில் பாதிப் பேர் முதலில் சொல்வது இதுதான்: “அக்கா, இது கமிஷனே இல்லாத அக்கவுண்ட். அந்தக் கட்டத்தைப் பாருங்க, எல்லாம் பூஜ்யம்.” கட்டம் பூஜ்யம்தான். பணம் மட்டும் குறைந்திருக்கும்.

புரோக்கரின் கட்டணப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் பொய்யில்லை. கட்டணம் எதோடு ஒப்பிடப்படுகிறது, எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதில்தான் வேலை நடக்கிறது. அதனால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, உங்கள் சொந்த ஸ்டேட்மென்டிலிருந்து கணக்குப் போடப் பழகுங்கள். கால்குலேட்டரும் ஒரு மணி நேரமும் போதும். நான் சொல்லும் சட்டதிட்டங்கள் பிரிட்டனுக்கானவை. கணக்கு எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான்.

முதலில், ஒப்பந்தம் எந்த நிறுவனத்தோடு என்று பாருங்கள். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் லண்டனில் ஒரு நிறுவனம், செஷல்ஸிலோ வனுவாட்டுவிலோ இன்னொன்று என்று இருப்பது சகஜம். விளம்பரத்தில் லண்டன், கணக்குத் திறக்கும் படிவத்தின் அடியில் தீவு. நீங்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளின் முதல் பக்கத்தில் உள்ள முழுப்பெயரையும் பதிவு எண்ணையும் எடுத்து, நிதி நடத்தை ஆணையமான எஃப்.சி.ஏ.வின் பதிவேட்டில் தேடுங்கள். ஒரு சுருக்கு வழியும் உண்டு. யூரோ–டாலர் போன்ற முக்கிய நாணய ஜோடிகளுக்கு 30 மடங்குக்கு மேல் லெவரேஜ் (கட்டிய பணத்தைப் போல் பல மடங்குக்கு வர்த்தகம் செய்ய விடுவது) தருவதாகவோ, பணம் போட்டால் போனஸ் என்றோ சில்லறை வாடிக்கையாளரான உங்களிடம் சொன்னால், அது எஃப்.சி.ஏ. விதிக்கு உட்பட்ட கணக்கு இல்லை. இரண்டுக்கும் இங்கே அனுமதி கிடையாது. அப்படிப்பட்ட கணக்கில் கட்டணத்தை ஆராய்வது வீண்வேலை, பணத்தைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி ஸ்ப்ரெட். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. கமிஷன் இல்லை என்று சொல்லும் புரோக்கரின் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு இதில்தான். பல புரோக்கர்கள் தரும் வர்த்தக மென்பொருளான மெட்டாட்ரேடர் 4-ன் ஸ்டேட்மென்டை விரித்து அதன் தலைப்புகளைப் பாருங்கள்: கமிஷன், வரி, ஸ்வாப் (இரவு வட்டி), லாபம். வரிக்கு ஒரு தனிக் கட்டம் இருக்கிறது, நான் பார்த்த ஸ்டேட்மென்ட் எதிலும் அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்ததில்லை. உங்களிடமிருந்து அதிகம் பிடுங்கும் ஸ்ப்ரெட்டுக்குக் கட்டமே இல்லை. அது லாபநஷ்டக் கட்டத்துக்குள் கரைந்துவிடுகிறது. “எனக்கு 40 டாலர் நஷ்டம்” என்று ஒருவர் சொல்லும்போது, அதில் சந்தை எடுத்தது எவ்வளவு, புரோக்கர் எடுத்தது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

அளந்துதான் பார்க்க வேண்டும். யூரோ–டாலர் ஜோடியில் ஒரு லாட் என்பது 1,00,000 யூரோ, அதில் ஒரு பிப் (விலையில் 0.0001) 10 டாலர். மிகச் சிறிய 0.01 லாட்டில் ஒரு பிப் 10 சென்ட். உண்மைக் கணக்கில் (பாவனைப் பணத்தில் பழகும் டெமோவில் வேண்டாம், இரண்டிலும் ஸ்ப்ரெட் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை) 0.01 லாட் வாங்கி, அந்த நொடியே லாபநஷ்டத்தைப் பாருங்கள். விலை நகர்வதற்குள் 12 சென்ட் நஷ்டம் காட்டினால் ஸ்ப்ரெட் 1.2 பிப். பணம் போட்டுப் பார்க்க மனமில்லை என்றால், மெட்டாட்ரேடரின் விலைப்பட்டியலில் வலது சொடுக்குப் போட்டு ஸ்ப்ரெட் நிரலைத் திறக்கலாம். அங்கே 12 என்று இருந்தால் அது 1.2 பிப், பயந்துவிடாதீர்கள்.

ஒரு தடவை அளந்தால் போதாது. “0.6 முதல்” என்று விளம்பரத்தில் இருப்பது ஒரு நாளின் மிக நல்ல நொடி. லண்டன் நேரம் காலை 8 மணிக்கு ஒன்று, அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் வரும் மதியம் 1.30-க்கு ஒன்று, நியூயார்க் நாள் முடியும் இரவு 10 மணிக்கு ஒன்று என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கூடவே நீங்கள் வழக்கமாக வர்த்தகம் செய்யும் நேரத்துக்கும் ஒன்று. வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்கு உட்காருபவர்கள் என் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர். ஸ்ப்ரெட் மிக அகலமாகத் திறந்திருக்கும் நேரம் அதுதான். காலை எட்டு மணியின் விலையைக் காட்டும் விளம்பரம் அவர்களுக்கு எதற்கு உதவும்?

“0.0 ஸ்ப்ரெட்” கணக்குக்கு வேறு சூத்திரம். அங்கே கமிஷன் தனியாக வரும், லாட்டுக்கு 3.50 டாலர் என்று போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் “ஒரு பக்கத்துக்கு” என்று இருக்கும். வாங்க ஒன்று, விற்க ஒன்று, ஆக 7 டாலர், அதாவது 0.7 பிப். ஸ்ப்ரெட்டும் பெரும்பாலான நேரம் சுத்த பூஜ்யமாக இருக்காது. சராசரி 0.2 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 0.9 பிப். 1.2 பிப்பில் கமிஷன் இல்லாமல் தருபவரைவிட இது மலிவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. எந்தக் கணக்கானாலும் எல்லாவற்றையும் பிப்பாக மாற்றி ஒரே எண்ணாக எழுதினால்தான் ஒப்பிட முடியும்.

அந்த எண்ணை எதால் வகுக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம்.

10,000 யூரோ வாங்குகிறீர்கள், விலை 1.10 என்று வையுங்கள். மொத்த மதிப்பு 11,000 டாலர். 30 மடங்கு லெவரேஜில் நீங்கள் மார்ஜினாக, அதாவது ஈட்டுப் பணமாகக் கட்டுவது சுமார் 367 டாலர். ஸ்ப்ரெட் 1.2 பிப் என்றால் 1.20 டாலர். புரோக்கர் இதை 11,000-ஆல் வகுத்து 0.011 சதவீதம் என்பார். கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! உங்கள் பையிலிருந்து போனது 367 டாலர். அதால் வகுத்தால் 0.33 சதவீதம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை வாங்கி விற்று, மாதம் இருபது நாள் இதைச் செய்தால் 120 டாலர். நீங்கள் கட்டிய மார்ஜினில் மூன்றில் ஒரு பங்கு, ஒரே மாதத்தில், விலை ஒரு இம்மிகூட உங்களுக்கு எதிராக நகராமலே. நீங்கள் 367-க்குப் பதில் கணக்கில் 2,000 டாலர் போட்டு வைத்திருந்தால் அதாலேயே வகுங்கள், மாதம் 6 சதவீதம் வரும். உங்கள் முறைக்கு மாதம் 6 சதவீதத்துக்கு மேல் சம்பாதித்துத் தரும் திறமை இருந்தால்தான் முதல் பைசா உங்களுக்கு.

புரோக்கர் நிறுவனங்களின் பக்கங்களில் எல்லாம் ஓர் எச்சரிக்கை வரி இருக்கும்: சில்லறை வாடிக்கையாளர் கணக்குகளில் இத்தனை சதவீதம் நஷ்டமடைகின்றன என்று. 2018-ல் ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்மா புது விதிகளைக் கொண்டுவந்தபோது, 74 முதல் 89 சதவீதக் கணக்குகள் நஷ்டத்தில் இருப்பதாகச் சொன்னது. அந்த எண் கட்டணத்தையும் கழித்த பிறகு வருவது. மேலே போட்ட வகுத்தலைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

அடுத்தது ஸ்வாப். ஒரே இடத்தில் நேரம் செலவழிக்க முடியும் என்றால் இங்கே செலவழியுங்கள், என் பார்வையில் மிக மறைவான கட்டணம் இதுதான். நியூயார்க் மாலை 5 மணியைத் தாண்டி ஒரு நிலையை (இன்னும் மூடாத வர்த்தகத்தை) திறந்து வைத்திருந்தால் ஒரு இரவுக்கான வட்டி கணக்கிடப்படும். இரண்டு நாணயங்களின் வட்டி வித்தியாசம் அது, நியாயமான விஷயம்தான். அதன் மேல் புரோக்கர் தன் பங்கைச் சேர்ப்பார். “நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 1 சதவீதம்” என்று ஒரு வரி எங்காவது இருக்கும். வங்கிக் கடனைவிட மலிவு என்று தோன்றும். அந்த ஒரு சதவீதம் உங்கள் 367 டாலருக்கு இல்லை, 11,000 டாலருக்கு. ஆண்டுக்கு 110 டாலர். 30 மடங்கு லெவரேஜில் 1 சதவீதம் என்பது உங்கள் மார்ஜினில் 30 சதவீதம். தெரு முனையில் தண்டல் விடுபவர்கூட வட்டியை நாம் வாங்கிய தொகைக்குத்தான் கணக்குப் போடுவார்.

அந்த வரியே இல்லாத புரோக்கர்களும் உண்டு. அப்போது நாமே கண்டுபிடிக்கலாம். மெட்டாட்ரேடரில் ஒரு ஜோடியின் விவரக்குறிப்பைத் திறந்தால் வாங்கும் பக்கத்து ஸ்வாப், விற்கும் பக்கத்து ஸ்வாப் என்று இரண்டு எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு யூரோ–டாலரில் வாங்குபவருக்கு −7.2, விற்பவருக்கு +3.1 (அலகு புள்ளி, ஒரு லாட்டுக்கு ஒரு புள்ளி 1 டாலர்). இரண்டையும் கூட்டுங்கள். புரோக்கர் எதையும் எடுக்காவிட்டால் ஒரு பக்கம் போவதும் மறுபக்கம் வருவதும் ஏறத்தாழ சமமாகி, கூட்டல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இங்கே −4.1 வருகிறது. அதில் பாதி, 2.05 டாலர், ஒரு லாட்டுக்கு ஒரு இரவுக்குப் புரோக்கர் வைத்துக்கொள்ளும் தொகை. (வங்கிகளுக்குள்ளேயும் சிறு இடைவெளி உண்டு, ஆனால் இவ்வளவு இருக்காது.) 365-ஆல் பெருக்கினால் 748 டாலர், லாட்டின் 1,10,000 டாலர் மதிப்பில் 0.68 சதவீதம். அதையும் மார்ஜினால் வகுத்தால் 20 சதவீதத்தைத் தொடும். இரண்டு பக்கமும் கழித்தல் குறியோடு இருக்கும் ஜோடிகளைப் பார்த்தால் கூட்டவே வேண்டாம், எந்தப் பக்கம் நின்றாலும் பிடித்தம்தான்.

புதன்கிழமையையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாணயச் சந்தையில் பெரும்பாலான ஜோடிகள் இரண்டு வேலைநாள் கழித்துத்தான் தீர்வாகும், அதாவது பணம் கைமாறும். அதனால் புதன் இரவைத் தாண்டும் நிலைக்கு வார இறுதியையும் சேர்த்து மூன்று நாள் ஸ்வாப். அமெரிக்க டாலர்–கனடிய டாலர் ஒரே நாளில் தீர்வாவதால் அதற்கு வழக்கமாக வியாழன். லண்டனில் புதன் இரவு 9.50-க்கு வாங்கி 10.10-க்கு விற்றால், இருபது நிமிடத்துக்கு மூன்று நாள் வட்டி. ஒரு தம்பி ஸ்டேட்மென்டைக் கொண்டுவந்து, வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஸ்வாப் எகிறுகிறது, திருடுகிறார்கள் என்றார். இதில் திருட்டில்லை, சந்தை முறை. ஆனால் விவரக்குறிப்பைத் திறக்காத வாடிக்கையாளருக்கு அது தெரிய வழியில்லை என்பதும் உண்மை.

வட்டி வேண்டாம் என்று ஸ்வாப் இல்லாத இஸ்லாமியக் கணக்கு எடுப்பவர்கள், சில நாள் கழித்து “கையாளும் கட்டணம்” என்ற பெயரில் ஏதாவது தொடங்குகிறதா, அல்லது ஸ்ப்ரெட் கூடுதலாக இருக்கிறதா என்று அதே 0.01 லாட் சோதனையில் பாருங்கள்.

நாணய மாற்றுக் கட்டணம் சிறியது, ஆனால் இரண்டு பக்கமும் கடிக்கும். உங்கள் கணக்கு பவுண்டில், யூரோ–டாலரின் லாபநஷ்டம் டாலரில். மாற்றும்போது அரை சதவீதம் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு வர்த்தகத்தில் 400 டாலர் லாபம், அடுத்ததில் 400 டாலர் நஷ்டம். நிகரம் பூஜ்யமாக வேண்டும், 4 டாலர் காணாமல் போயிருக்கும். ஸ்டேட்மென்டில் இதற்கும் தனி வரி இருக்காது. லாபத்தை அன்றைய சந்தை விகிதத்தில் நீங்களே பவுண்டாக மாற்றி, கணக்கில் ஏறிய தொகையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நிறைய டாலர் ஜோடிகளில் வர்த்தகம் செய்தால் டாலரிலேயே கணக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பயன்படுத்தாத கணக்குக்கான கட்டணம், பணம் எடுக்கும் கட்டணம் எல்லாம் சில்லறை விஷயம். கட்டணப் பக்கத்தில் அவை பெரிய எழுத்தில் இருப்பதற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம்.

எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராத ஒரு செலவு ஸ்லிப்பேஜ். நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கும் ஆர்டர் நிறைவேறுவதற்கும் நடுவே விலை நகரும். உங்களுக்கு எதிராக நகர்ந்தால் உங்கள் தலையில், சாதகமாக நகர்ந்தால் புரோக்கர் பையில் என்றால் அது மறைமுகக் கட்டணம். நடக்காத கதை இல்லை. எஃப்.எக்ஸ்.சி.எம். என்ற பெரிய புரோக்கருக்கு இதே காரணத்துக்காக 2011-ல் அமெரிக்காவில் இந்தத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பான என்.எஃப்.ஏ. 20 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அதே ஆண்டு அமெரிக்க அரசின் கட்டுப்பாட்டு அமைப்பான சி.எஃப்.டி.சி. 60 லட்சம் டாலர் அபராதத்தோடு வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் சொன்னது. 2014-ல் பிரிட்டனின் எஃப்.சி.ஏ. அதன் லண்டன் கிளைக்கு 40 லட்சம் பவுண்டு. பிறகு 2017 பிப்ரவரியில் வேறொரு விவகாரம்: “எங்களிடம் டீலிங் டெஸ்க் (வாடிக்கையாளருக்கு எதிர்ப்பக்கம் தானே நிற்கும் பிரிவு) இல்லை, உங்கள் நஷ்டத்தில் எங்களுக்கு லாபமில்லை” என்று விளம்பரம் செய்துவிட்டு, ஆர்டர்களை எடுத்துக்கொண்ட முக்கிய விலை தருநரோடு தனக்கு இருந்த பணத் தொடர்பை மறைத்ததாக சி.எஃப்.டி.சி. கண்டது. 70 லட்சம் டாலர் அபராதம், அமெரிக்கச் சந்தையை விட்டே வெளியேற்றம். வாடிக்கையாளர்கள் அத்தனை வருடமும் படித்த கட்டணப் பக்கத்தில் இதில் எதுவும் இருந்திருக்காது.

உங்கள் கணக்கில் சோதிக்க ஒரு வழி. ஸ்டேட்மென்டில் ஸ்டாப் லாஸ் விலை (நஷ்டம் இங்கே வந்தால் மூடு என்று நீங்கள் வைத்தது), டேக் பிராஃபிட் விலை (லாபம் இங்கே வந்தால் மூடு என்று வைத்தது), மூடிய விலை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஸ்டாப் லாஸில் மூடப்பட்டவற்றை ஒரு பட்டியலாகவும், டேக் பிராஃபிட்டில் மூடப்பட்டவற்றை இன்னொன்றாகவும் எழுதுங்கள். ஸ்டாப் லாஸ் கொஞ்சம் மோசமான விலையில் மூடுவது இயல்பு. டேக் பிராஃபிட் சில தடவையாவது நீங்கள் கேட்டதைவிட நல்ல விலையில் மூடியிருக்க வேண்டும். ஒரு பட்டியல் முழுக்க மோசம், மற்றதில் ஒன்றுகூட ஒரு புள்ளி நல்லதாக இல்லை என்றால் கேள்வி கேட்கலாம். பத்து இருபது வர்த்தகத்தை வைத்துச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கில் இருந்தால் கதை தெரியும்.

கேள்வியை எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் உள்ள விதி, பிரிட்டனிலும் தொடர்கிறது: வர்த்தகத்துக்கு முன்பும், பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையாவதும் மொத்தச் செலவைப் பணமாகவும் சதவீதமாகவும் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். ஆண்டு அறிக்கையில் பெரும்பாலும் ஒரே மொத்தத் தொகைதான் இருக்கும். வகை வகையாகப் பிரித்துத் தரும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேட்பவர்கள் குறைவு. மின்னஞ்சலில் இந்த நான்கை மட்டும் கேளுங்கள்: போன வருடம் என் கணக்கில் ஸ்ப்ரெட்டாக எடுத்த தொகை, ஸ்வாப்பில் உங்கள் பங்கு, நாணய மாற்றில் எடுத்தது, என்னை அறிமுகப்படுத்தியவருக்கு என் வர்த்தகத்திலிருந்து கொடுத்தது. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பலருக்கு முகம் மாறும். வாட்ஸ்அப் குழுவில் எப்போது வாங்க, எப்போது விற்க என்று இலவசமாகச் சிக்னல் தரும் “சார்” ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு தொகை வாங்கிக்கொண்டிருப்பார். நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு வரும், ஆகவே அடிக்கடி வாங்கி விற்கச் சொல்வார்.

இங்கே ஸ்ப்ரெட் பெட்டிங் கணக்கு (விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணமாகத் தனிநபருக்கு அந்த லாபத்துக்கு வரி இல்லை. அதனால் அந்த ஸ்டேட்மென்ட் என்னைப் போன்றவர்களின் மேசைக்கு வருவதே இல்லை. வரியில்லாத கணக்கை வரிக்காக யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை, கட்டணத்துக்காகவும் பார்ப்பதில்லை. இரவு வட்டியைத் தவிர, செலவில் பெரும்பங்கு ஸ்ப்ரெட்டுக்குள் புதைந்திருப்பதும் அதில்தான்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு இந்தக் கணக்குக்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டவர்களிடமும் தளங்களிலும் மட்டும்தான் நாணய வர்த்தகம் செய்யலாம். வெளிநாட்டு புரோக்கருக்கு மார்ஜின் பணம் அனுப்ப அனுமதி கிடையாது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டு, அவ்வப்போது நீட்டி வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி சொல்கிறது.

பிரிட்டன் நிறுவனத்தின் பதில் திருப்தியில்லை என்றால் அதே மின்னஞ்சலில் “இது என் முறையான புகார்” என்று எழுதுங்கள், அந்தச் சொல் இல்லாவிட்டால் வெறும் விசாரிப்பு என்று வைத்து இழுக்கப் பார்ப்பார்கள். இறுதிப் பதில் தர அவர்களுக்கு எட்டு வாரம். அது வந்த ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வாடிக்கையாளருக்கு அது இலவசம். ஸ்டேட்மென்டை மொத்தமாக அனுப்பாதீர்கள். ஒரு பக்கத்தில் நான்கு கட்டம்: தேதி, விளம்பரத்தில் சொன்னது, என்னிடம் எடுத்தது, வித்தியாசம். அதோடு நீங்கள் கணக்குத் திறந்த நாளில் கட்டணப் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கான ஸ்கிரீன்ஷாட். புதிதாகக் கணக்குத் திறப்பவர்கள் அதை இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கட்டணப் பக்கங்களைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள்.